தப்பான ஏர்போர்ட்டில் விமானம் இறங்குமா? பெங்களூர்த் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பல்லாரி ரோட்டில் தேவனஹள்ளி ஏர்போர்ட்டுக்குக் கிளம்புகிறவர்கள் வழியில் ஜக்கூர் ஓடுபாதையைத் தாண்டுவார்கள், அடுத்து எலஹங்கா விமானப்படைத் தளத்தின் மதிலைத் தாண்டுவார்கள். முருகேஷ்பாளையா, ஜீவன்பீமா நகர்க்காரர்களுக்கு எச்.ஏ.எல். பழைய ஏர்போர்ட் வீட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது. ஒரே ஊரில் இத்தனை ஓடுபாதைகள் இருந்தால் சந்தேகம் வராமல் இருக்காது. திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறோம்.

பனின்னு சொல்லி பெங்களூர் ஃபிளைட்டை சென்னையில இறக்கினாங்க. அதுவும் இதுதானே?

இல்லை. அதற்கு டைவர்ஷன் என்று பெயர். மார்கழிப் பனியில் தேவனஹள்ளி மறைந்துவிட்டால் சென்னைக்கோ ஹைதராபாத்துக்கோ கோயம்புத்தூருக்கோ போவது, கிளம்புவதற்கு முன்பே காகிதத்தில் எழுதி வைத்த மாற்று ஏற்பாடு. மாற்று நிலையம் வரை போக எரிபொருள், அதற்கு மேல் 30 நிமிடம் வட்டமடிக்க எரிபொருள் என்று கணக்குப் போட்டுத்தான் டாங்கை நிரப்புகிறார்கள். எங்கே இறங்குகிறோம் என்பது விமானிக்கும் தெரியும், தரையில் இருப்பவர்களுக்கும் தெரியும்.

இந்தப் பக்கம் பேசுவது வேறு விஷயம். ஒரு நிலையத்தில் இறங்க அனுமதி வாங்கிய விமானி, அதுதான் இது என்று முழுதாக நம்பி வேறொரு நிலையத்தை நோக்கிப் போவது. சக்கரம் தரையைத் தொட்ட பிறகுகூடச் சிலருக்கு உடனே தெரிந்ததில்லை.

ஜிபிஎஸ், கம்ப்யூட்டர் எல்லாம் இருக்கே சார், அப்புறம் எப்படி தப்பு வரும்?

பெரும்பாலான சம்பவங்களில் கம்ப்யூட்டர் சரியாகத்தான் காட்டிக்கொண்டிருந்தது. கடைசி 15, 20 கிலோமீட்டரில் வானம் தெளிவாக இருந்தால் "ஓடுபாதை தெரிகிறது" என்று சொல்லி, கண்ணால் பார்த்து இறங்க விமானி அனுமதி வாங்கலாம். விஷுவல் அப்ரோச் என்பது இதுதான். அந்த நொடியிலிருந்து தலை திரையை விட்டு ஜன்னலுக்குத் திரும்பிவிடுகிறது. ஓடுபாதையைத் தேடும் கண்ணுக்கு முதலில் அகப்படும் ஓடுபாதையே நம்முடையதாகத் தோன்றும். அதன் பிறகு பார்ப்பதெல்லாம் அதற்குச் சாட்சி சொல்வது போலவே இருக்கும்.

2014 ஜனவரி 12 அன்று அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் சவுத்வெஸ்ட் போயிங் 737 ஒன்று பிரான்சன் விமான நிலையத்தில் இறங்க வேண்டியது. நேர் எதிரே விளக்குகள் தெரிந்தன, ஓடுபாதையின் திசையும் கிட்டத்தட்டப் பொருந்தியது. இறங்கியது கிளார்க் டவுன்டவுன் என்ற சிறு நிலையத்தில். பிரான்சனுக்குப் போகும் வழி கம்ப்யூட்டரில் ஏற்றப்பட்டிருந்தது. விளக்குகளைப் பார்த்த பிறகு அந்தத் திரையோடு யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

பெங்களூர்ல எல்லா ரன்வேயும் ஒரே பக்கம் பாத்துதான் இருக்காமே, நெஜமா?

நிஜம். தேவனஹள்ளியில் 4,000 மீட்டர் நீளத்தில் இரண்டு ஓடுபாதைகள், இரண்டும் 09/27, அதாவது கிழக்கு மேற்காக. எலஹங்கா 09/27. எச்.ஏ.எல். 09/27, நீளம் சுமார் 3,300 மீட்டர். ஜக்கூர் மட்டும் 08/26, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான், பயிற்சி விமானங்களுக்கானது. வடக்கிலிருந்து தெற்கே தேவனஹள்ளி, எலஹங்கா, ஜக்கூர், எச்.ஏ.எல். என்று ஏணிப்படி போல ஒன்றன்கீழ் ஒன்றாகக் கிடக்கின்றன.

இதற்குக் காரணம் காற்று. எதிர்க்காற்றில் ஏறி இறங்கினால்தான் விமானத்துக்கு ஓடுதூரம் குறையும். தென்மேற்குப் பருவத்தில் இங்கே மேற்கிலிருந்தும், ஐப்பசி தொடங்கிக் குளிர்காலம் முடிய கிழக்கிலிருந்தும் காற்று வீசுகிறது. ஒரே ஊரில் யார் எப்போது ஓடுபாதை போட்டாலும் அதே காற்றைப் பார்த்துத்தான் போடுவார்கள். அதனால் பக்கத்துப் பக்கத்து நிலையங்கள் ஒரே திசையில் அமைவது பல ஊர்களில் இயல்பு. நம்மூர் அதற்கு நல்ல உதாரணம்.

ரன்வேல பெருசா நம்பர் எழுதியிருக்கே, அதைப் பாத்தா தெரியாதா?

அந்த எண் ஊரின் பெயரைச் சொல்வதில்லை, திசையைத்தான் சொல்கிறது. காந்த திசைமானி காட்டும் பாகையைப் பத்துக்குச் சுருக்கினால் எண் வந்துவிடும்: 90 பாகை என்றால் 09, அதையே எதிர்ப்பக்கமிருந்து பார்த்தால் 27. முந்தைய பதிலைப் பாருங்கள், மூன்று நிலையங்களிலும் 09 இருக்கிறது. தேவனஹள்ளியில் இரண்டு ஓடுபாதை என்பதால் லெஃப்ட், ரைட் என்று ஓர் எழுத்து கூடும், அவ்வளவுதான். இருட்டில் அந்த எண் கடைசி சில நொடிகளில்தான் விளக்கொளியில் தெரியும்.

ராத்திரியிலதானே இது நடக்கும்?

பகலிலும் நடந்திருக்கிறது. 2006 மார்ச்சில் வட அயர்லாந்தின் டெர்ரிக்குப் போன ஏ320 ஒன்று, பக்கத்தில் இருந்த பாலிகெல்லி ராணுவ ஓடுபாதையில் பட்டப்பகலில் இறங்கியது. 2012 ஜூலையில் அமெரிக்க விமானப்படையின் சி-17, டாம்பாவின் மக்டில் தளத்துக்குப் பதிலாகச் சின்னஞ்சிறு பீட்டர் நைட் நிலையத்தில் இறங்கியதும் பகலில்தான். இரவில் ஆபத்து வேறு விதமானது: ஓடுபாதையின் நீளமும் அகலமும் கண்ணுக்குச் சரியாகப் பிடிபடாது, சுற்றியுள்ள கட்டடங்களும் தெரியாது. இருட்டில் இரண்டு வரிசை விளக்குகளைப் பார்த்தால் எல்லா ஓடுபாதையும் ஒரே ஜாடைதான்.

இந்தியாவுல இப்படி நடந்திருக்கா?

மும்பையில் இரண்டு முறை, இரண்டும் ஜூஹூ என்ற சிறு நிலையத்தில். மும்பையின் பெரிய நிலையமான சாந்தாகுரூஸில் இறங்கவேண்டிய, பி.ஓ.ஏ.சி. என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் காமெட் ஜெட் 1953 ஜூலை 15 அன்று ஜூஹூவில் இறங்கியது. அது பத்திரமாக நின்றது, சில நாள் கழித்து அங்கிருந்தே பறந்தும் போனது. 1972 செப்டம்பர் 24 அன்று ஜப்பான் ஏர்லைன்ஸின் டிசி-8 அதே தவறைச் செய்தபோது அதிர்ஷ்டம் கைகொடுக்கவில்லை. ஓடுபாதை முடிந்தும் விமானம் நிற்காமல் ஓடி, திரும்பச் சீர்செய்ய முடியாத அளவுக்கு நொறுங்கியது. உயிர்ச்சேதம் இல்லை.

வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் ஏன் என்று புரிந்துவிடும். அரபிக்கடல் பக்கமிருந்து மும்பையின் 09 ஓடுபாதைக்கு வரும் விமானத்துக்குக் கரையில் முதலில் தெரிவது ஜூஹூ. பெரிய நிலையம் அதற்கு ஓரிரு கிலோமீட்டர் தாண்டித்தான் தொடங்குகிறது. ஜூஹூவின் ஓடுபாதை 08, அதாவது பத்துப் பாகைதான் வித்தியாசம். அதன் நீளம் 1,143 மீட்டர். பிரான்சன் சம்பவத்தில் 737 போய் இறங்கிய ஓடுபாதையும் கிட்டத்தட்ட அதே நீளம், சுமார் 1,140 மீட்டர். நாற்பது ஆண்டு இடைவெளியில் அதே வகைத் தவறு, அதே அளவுப் பொறி.

ஏடிசி ரேடார்ல பாத்துக்கிட்டுதானே இருக்காங்க, சொல்ல மாட்டாங்களா?

பார்க்கிறார்கள். ஆனால் விஷுவல் அப்ரோச் கொடுத்த பிறகு வழியைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு விமானியுடையது. விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரின் (ஏடிசி) கவனம் அடுத்தடுத்து வரும் விமானங்களுக்கு நடுவே இடைவெளி விடுவதில் இருக்கும். ஒரு விமானம் விலகிப் போவது திரையில் தெளிவாகத் தெரியும் நேரத்தில் அது தரையை நெருங்கியிருக்கும்.

நேரத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். எலஹங்காவிலிருந்து தேவனஹள்ளி நேர்கோட்டில் சுமார் 13 கிலோமீட்டர். இறங்கும் ஏ320-யின் வேகம் மணிக்கு 250 கிலோமீட்டர் அளவில் இருக்கும். அந்த 13 கிலோமீட்டர் மூன்று நிமிடப் பயணம். பார்த்து, சந்தேகப்பட்டு, ரேடியோவில் கூப்பிட்டு, பதில் வாங்குவது எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். பிரான்சன் சம்பவத்துக்கும், கீழே சொல்லப்போகும் விச்சிட்டா சம்பவத்துக்கும் பிறகு 2015-ல் அமெரிக்க விசாரணை வாரியம் ஒரு பரிந்துரை செய்தது: குழப்பம் தரக்கூடிய பக்கத்து நிலையங்களை விமானம் தாண்டும்வரை "இறங்கலாம்" என்ற அனுமதியைக் கொடுக்காமல் நிறுத்தி வையுங்கள் என்று. எங்கள் பார்வையில், எளிமையும் பலனும் சேர்ந்த யோசனை அதுதான்.

சரி, பைலட் என்னென்ன செஞ்சு சரி பாக்கணும்? படிப்படியா சொல்லுங்க.

வேலை வானத்திலேயே, இறங்கத் தொடங்குவதற்கு முன்பே ஆரம்பிக்கிறது. இரண்டு விமானிகளும் அப்ரோச் வரைபடத்தைப் பேசி முடிக்கும்போது, போகிற நிலையத்தோடு நிறுத்தாமல் பக்கத்தில் இருப்பவற்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள வேண்டும். மேற்கிலிருந்து தேவனஹள்ளி 09-க்கு வருகிறோம் என்றால்: "எலஹங்கா நமக்கு வலது பக்கம், நம்முடையதற்கு முன்பே வரும், ஒற்றை ஓடுபாதை. நம்முடையது இரண்டு." கிழக்கிலிருந்து 27-க்கு வந்தால் அது இடது பக்கம், நம்முடையதைத் தாண்டி இருக்கும். முன்கூட்டிச் சொல்லிவிட்டால், தப்பான விளக்குகள் கண்ணில் படும்போது அவற்றுக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கும்.

அடுத்தது, வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் ஐ.எல்.எஸ். என்ற ரேடியோ வழிகாட்டியின் அலைவரிசையைப் போட்டு வைப்பது. அது இல்லாத இடத்தில், ஓடுபாதைக்கு நேராகக் கம்ப்யூட்டர் வரையும் மையக்கோட்டைத் திரையில் போட்டு வைப்பது. கண் சொல்வதும் கருவியின் ஊசி சொல்வதும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் கண்ணைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

மூன்றாவது, தூரமும் உயரமும். வழக்கமான மூன்று பாகைச் சரிவில் ஒவ்வொரு கடல்மைலுக்கும் சுமார் 300 அடி. தேவனஹள்ளி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,000 அடி. ஆக 10 மைலில் உயரமானி 6,000 காட்டவேண்டும், 5 மைலில் 4,500. எலஹங்காவைத் தேவனஹள்ளி என்று நினைத்து இறங்கினால், "இதோ தொடப் போகிறோம்" என்று கண் சொல்லும் நேரத்தில் தூரமானி இன்னும் 7 மைல் என்று காட்டும். இவ்வளவு பெரிய முரண்பாட்டைக் கவனிக்க ஒருவர் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தால் போதும். அதனால்தான் ஓட்டுபவர் வெளியே பார்த்தால், மற்றவர் உள்ளே பார்த்து 1,000 அடியில் எண்களைச் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்பது விதி. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஜன்னலைப் பார்ப்பதுதான் பொதுவாகக் காலை வாருகிறது.

ஐஎல்எஸ் போட்டுட்டா அப்புறம் தப்பே வராதா?

பெரும்பகுதி வராது. ஐ.எல்.எஸ். என்பது ஓடுபாதையை ஒட்டிய கருவிகளிலிருந்து கிளம்பும் ரேடியோக் கற்றை. கிடைமட்டத்துக்கு ஒன்று, சரிவுக்கு ஒன்று. பக்கத்து ஓடுபாதைக்கு வேறு அலைவரிசை, வேறு அடையாள எழுத்துகள். அந்த எழுத்துகள் மோர்ஸ் ஒலியாக வரும், புதிய விமானங்களில் திரையிலேயே எழுத்தாகவும் வரும். அவற்றை வரைபடத்தோடு ஒப்பிடாமல் விட்டால், தப்பான அலைவரிசையைப் போட்டுவிட்டு ஊசி நடுவில் நிற்பதைப் பார்த்து நிம்மதி அடைகிற அபாயம் உண்டு.

ஜிபிஎஸ் வழி அப்ரோச்சும் அப்படித்தான். பட்டியலில் நிலையத்தையோ ஓடுபாதையையோ தவறாகத் தேர்ந்தெடுத்தால் கம்ப்யூட்டர் அந்தத் தவறான இடத்துக்கு மிகத் துல்லியமாகக் கூட்டிப் போகும்.

பெரிய ஃபிளைட் குட்டி ரன்வேல எறங்கினா என்ன ஆகும்?

ஒரு கணக்கைப் பார்ப்போம். சோதனையில் 1,400 மீட்டரில் நிற்கும் விமானத்துக்கு, ஓடுபாதையின் 60 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும் என்ற விதிப்படி 2,333 மீட்டர் இருந்தால்தான் கிளம்பவே அனுமதி. ஈரமாக இருக்கும் என்றால் இன்னொரு 15 சதவீதம், 2,683 மீட்டர். இந்த உபரி, சக்கரம் சற்றுத் தள்ளித் தொட்டாலும் பிரேக் கொஞ்சம் மெதுவாகப் பிடித்தாலும் காப்பாற்றுவதற்காக. 1,140 மீட்டர் ஓடுபாதையில் உபரி கிடக்கட்டும், அடிப்படையே இல்லை. பிரான்சன் விமானம் லேசாக இருந்ததாலும், முழு பலத்தோடு பிரேக் பிடித்ததாலும்தான் விளிம்புக்கு முன்னால் நின்றது.

நீளம் மட்டும் பிரச்சினை இல்லை. பயிற்சி விமானங்களுக்கான தார், 60 டன்னுக்கு மேல் கனக்கும் ஜெட்டின் சக்கரத்துக்கு அடியில் அமுங்கலாம். திரும்பப் போதுமான அகலம் இருக்காது. கதவு வரை எட்டும் படிக்கட்டு இருக்காது. அந்த அளவு விமானத்துக்குப் போதுமான தீயணைப்பு வண்டியும் இருக்காது.

எறங்கினதும் தப்புன்னு தெரிஞ்சா, அப்படியே திருப்பி எடுத்துட்டுப் போகலாமே?

சக்கரம் தொட்டு ரிவர்ஸ் போட்ட பிறகு மறுபடி ஏறக் கூடாது, நின்றே ஆக வேண்டும். நின்ற பிறகு முதல் வேலை, இருக்கிற இடத்திலேயே இருந்து ரேடியோவில் உண்மையைச் சொல்வது. அங்கே வேறு விமானங்கள் ஏறி இறங்கிக்கொண்டிருக்கலாம்.

திரும்ப எடுப்பது தனிக் கணக்கு. 2013 நவம்பரில் கன்சாஸ் மாநிலம் விச்சிட்டாவில் போயிங் 747 டிரீம்லிஃப்டர் சரக்கு விமானம் மக்கானல் தளத்துக்குப் பதிலாக ஜபாராவில் இறங்கியது. இரண்டுக்கும் நடுவே சுமார் 14 கிலோமீட்டர், கிட்டத்தட்ட நம் எலஹங்கா, தேவனஹள்ளி இடைவெளி. மக்கானலில் சுமார் 3,660 மீட்டர் ஓடுபாதை, ஜபாராவில் 1,860. எடை, வெப்பம், காற்று எல்லாவற்றையும் கணக்கிட்டு மறுநாள்தான் கிளம்பியது. பிரான்சன் 737-ம் மறுநாள், பயணிகள் இல்லாமல், குறைந்த எரிபொருளோடு கிளம்பியது. அதன் பயணிகளைப் பேருந்தில்தான் அனுப்பினார்கள்.

மிலிட்டரி பேஸ்ல எறங்கிட்டா நம்மள என்ன பண்ணுவாங்க?

உள்ளேயே உட்கார வைப்பார்கள். 2016 ஜூலையில் டெல்டா ஏ320 ஒன்று ராபிட் சிட்டிக்குப் பதிலாக எல்ஸ்வர்த் விமானப்படைத் தளத்தில் இறங்கியபோது பயணிகள் 2 மணி நேரத்துக்கும் மேல் விமானத்துக்குள்ளேயே இருந்தார்கள். இந்திய விமானப்படைத் தளங்களில் படம் எடுக்கத் தடை உண்டு. ஜன்னல் வழியாக வீடியோ எடுத்துக் குடும்ப குரூப்பில் போட வேண்டாம். பணிப்பெண் சொல்வதைக் கேட்டு, வீட்டுக்குத் தாமதத்தை மட்டும் சொன்னால் போதும்.

ஜன்னல்ல பாக்கும்போது வேற இடமா தெரியுது. நான் சொன்னா கேப்பாங்களா?

சொல்லலாம், தயங்க வேண்டாம். 1995 செப்டம்பரில் டெட்ராய்ட்டிலிருந்து பிராங்க்ஃபர்ட் போகவேண்டிய நார்த்வெஸ்ட் டிசி-10, பிரஸ்ஸல்ஸில் இறங்கியது. தரைக் கட்டுப்பாட்டின் பதிவில் சேருமிடம் மாறிப்போயிருந்தது. விமானிகளுக்கு முன்பே, இருக்கைத் திரையின் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பயணிகளுக்கு அது தெரிந்துவிட்டது.

ஆனால் பெங்களூரில் ஓர் எச்சரிக்கை. எச்.ஏ.எல். தெரிகிறதே, எலஹங்கா தெரிகிறதே என்று பதற வேண்டாம். சரியான வழியில் வரும் விமானத்திலிருந்தும் அவை தெரியும்.

பைலட் எல்லாமே சரியா செஞ்சும் வேற ஊருக்குப் போக முடியுமா?

முடியும். 2019 மார்ச்சில் லண்டன் சிட்டியிலிருந்து டுசல்டார்ஃப் போகவேண்டிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் எடின்பரோவில் இறங்கியது. கையில் கொடுத்த பயணத் திட்டமே எடின்பரோ என்றுதான் இருந்தது. எரிபொருள், அனுமதி, வழி எல்லாம் அதற்கே. மேலே சொன்ன எந்தச் சரிபார்ப்பும் இதைப் பிடிக்காது. இதைப் பிடிக்கிற இடம் கிளம்புவதற்கு முன் கதவருகில்தான். "இன்றைக்கு நாம் போவது இந்த ஊர்" என்று அறிவிப்பைத் தெளிவாகச் சொன்னால், நூறு பயணிகளில் ஒருவராவது எழுந்து நிற்பார்.

புதுசா ஏர்போர்ட் கட்டும்போது இன்னும் குழப்பம் வராதா?

வரும். 2021 ஏப்ரலில் எத்தியோப்பியன் சரக்கு விமானம் ஒன்று ஜாம்பியாவின் என்டோலாவில், இன்னும் திறக்காத புதிய நிலையத்தில் இறங்கியது. 2018 செப்டம்பரில் திருவனந்தபுரத்திலிருந்து மாலே போன ஏர் இந்தியா ஏ320, கட்டுமானத்தில் இருந்த ஓடுபாதையில் இறங்கியது. புதுத் தார் கறுப்பாகப் பளிச்சென்று தெரியும், பழையது மங்கிக் கிடக்கும், கண் புதியதுக்கே ஓடும். மூடிய ஓடுபாதையில் பெரிய பெருக்கல் குறி போட்டிருக்க வேண்டும். முன்னறிவிப்புக் குறிப்புகளில் அந்த வரியை விமானி தேடிப் படிக்க வேண்டும்.

அப்படி எறங்கின பைலட்டோட லைசன்ஸ் போயிடுமா?

இந்தியாவில் முதலில் பறக்கும் பணியிலிருந்து நிறுத்துவார்கள், விசாரணை நடக்கும். அதன் முடிவைப் பொறுத்து விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. மறுபயிற்சி கேட்கலாம், லைசன்ஸை இடைநிறுத்தவும் செய்யலாம். நின்றதும் குரல் பதிவுப் பெட்டியின் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. பல விமானங்களில் அது கடைசி 2 மணி நேரத்தை மட்டும் வைத்துக்கொண்டு பழையதை அழித்துக்கொண்டே போகும்.

கடைசி நிமிஷத்துல சந்தேகம் வந்தா? மிஸ்டு அப்ரோச் போடணும், சரி. ஆனா எந்த ஏர்போர்ட்டோட மிஸ்டு அப்ரோச்?

பயிற்சி மாணவர் ஒருவர் கேட்ட நல்ல கேள்வி. மிஸ்டு அப்ரோச் என்பது, இறங்காமல் மறுபடி மேலே ஏறிப் போவதற்கு (கோ-அரவுண்ட்) வரைபடத்தில் போட்டிருக்கும் வழி. கையில் இருக்கும் வரைபடம் போகவேண்டிய நிலையத்துக்கானது. அதில் போட்டிருக்கும் திருப்பம், அந்த ஓடுபாதைக்கு மேலிருந்து தொடங்குவதாகக் கணக்கிட்டது. எலஹங்காவுக்கு மேலிருந்து தேவனஹள்ளியின் திருப்பத்தைத் தொடங்கினால், தடைகளைப் பற்றிய கணக்கு பொருந்தாது, எதிரே யார் ஏறி வருகிறார்கள் என்பதும் தெரியாது.

அதனால் முதலில் முழு உந்துவிசை, பிறகு இறக்கையின் ஃபிளாப், சக்கரம், இந்த வரிசையில். திருப்பாமல் ஓடுபாதைத் திசையிலேயே நேராக ஏற வேண்டும். ஏறும்போதே ரேடியோவில், "கோ-அரவுண்ட், தவறான நிலையத்துக்கு மேல் இருக்கிறோம், வழி கொடுங்கள்" என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சுற்றி மறைத்துச் சொன்னால் கட்டுப்பாட்டாளர் உங்களைத் தேவனஹள்ளியின் மேலேயே தேடிக்கொண்டிருப்பார். அவர் திசையும் உயரமும் கொடுத்த பிறகே திருப்ப வேண்டும்.